லுக்லா விமானத்தில் ஏறும் முன்: ரங்கூனிலிருந்து போகிறவர்களுக்கு

எவரெஸ்ட் அடிவார முகாம் வரை நடந்து போய்வர வேண்டும் என்று நம் ரங்கூன் பிள்ளைகள் சிலர் என்னிடம் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். எத்தனை நாள் நடை, குளிர் எப்படி, சோறு கிடைக்குமா என்றெல்லாம் விசாரித்துவிட்டுக் கடைசியில் குரலைத் தாழ்த்தி, "அக்கா, அந்த லுக்லா விமானம் நிஜமாகவே அப்படித்தானா?" என்பார்கள். மனதில் இருந்த கேள்வியே அதுதான் என்று எனக்குத் தெரியும். லுக்லா என்பது நேபாளத்தில் அந்த நடை தொடங்குகிற மலையூர், மலைச்சரிவில் இருக்கிற அதன் குட்டை ஓடுபாதையில் சிறு விமானத்தில் போய் இறங்க வேண்டும். முதல் தடவை போகுமுன் நானும் இரவெல்லாம் கைபேசியில் அந்த ஓடுபாதையைப் பார்த்துப் பார்த்து வயிறு கலங்கிக் கிடந்தவள். இதுவரை இரண்டு முறை போய் வந்துவிட்டேன், ஒரு முறை என் சித்தி மகனோடு, இன்னொரு முறை பெண்கள் நாலு பேராக. ஆளாளுக்குத் தனித்தனியாகச் சொல்வதைவிட எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் ஒன்று, மற்றதெல்லாம் இதற்கு அப்புறம்தான். உங்கள் கையில் மிச்ச நாட்கள் இருக்க வேண்டும். போகும்போது ஒரு நாள், திரும்பும்போது குறைந்தது மூன்று நாள். இதைச் செய்ய முடியாது, லீவு அவ்வளவு கிடைக்காது என்றால் இந்த வருடம் போகாதீர்கள், அடுத்த வருடம் போகலாம், மலை அங்கேயேதான் இருக்கும்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், முதல் தடவை எங்களுக்குக் காத்மாண்டுவில் ஏற்பாடு செய்து கொடுத்தவர் "ஒரு நாள் மிச்சம் போதும், தினமும் விமானம் பறக்கிறது" என்றார், நாங்களும் நம்பினோம். நடையெல்லாம் நல்லபடியாக முடிந்து லுக்லாவுக்குத் திரும்பி வந்தால் பள்ளத்தாக்கு முழுக்க மேகம். முதல் நாள் ஒரு விமானமும் வரவில்லை. இரண்டாம் நாளும் இல்லை. மூன்றாம் நாள் காலையில் தலைக்கு மேலே வானம் நீலமாகத்தான் இருந்தது, ஆனால் ஓடுபாதையின் கீழ்முனைக்கு அந்தப் பக்கம் பஞ்சு மூட்டையை அவிழ்த்துக் கொட்டியது போல வெள்ளையாக அடைத்துக் கிடந்தது. அன்று சாயங்காலம் காத்மாண்டுவிலிருந்து எங்களுக்குப் பாங்காக் விமானம். கூட வந்த சித்தி மகன், என் தம்பி, கவுண்டரில் நின்ற பையனிடம் "மேலே வெயில் அடிக்கிறதே, ஏன் கூப்பிட மாட்டேன் என்கிறீர்கள்" என்று சத்தம் போட்டான், அவன் பின்னால் இன்னும் பத்துப் பேர். அந்தப் பையன் பதில் பேசாமல் கண்ணாடிக்கு வெளியே கீழ்ப்பக்கம் கையை மட்டும் காட்டினான். விமானம் வர வேண்டிய வழியே அந்த வெள்ளைக்குள்தான் இருந்தது. பாங்காக் டிக்கெட் போனது போனதுதான், புதிதாக வாங்கித்தான் ஊர் வந்தோம். ஆனால் அன்று நான் பயந்தது மலையைப் பார்த்து இல்லை. அவசரத்தில் நிற்கிற மனிதன் எதைச் செய்யவும் தயாராகிவிடுகிறான், என் தம்பியே அப்படி நின்றான், அதைப் பார்த்துத்தான். இரண்டாம் முறை போனபோது நான்கு நாள் கையில் வைத்துக்கொண்டு போனோம். அதே விமானம், அதே ஓடுபாதை, எனக்குப் பயம் பாதியாகக் குறைந்திருந்தது.

இனி அந்த இடம் ஏன் அப்படி இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள், அது தெரிந்தாலே உடம்பு கொஞ்சம் தளரும். லுக்லா சுமார் 2,850 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஓடுபாதையின் நீளம் 527 மீட்டர். நம் ரங்கூன் மிங்கலாடோன் விமான நிலையத்து ஓடுபாதை 3,400 மீட்டருக்கு மேல், அதில் ஆறில் ஒரு பங்குகூட இது இல்லை. அது போதாதென்று பாதை சமமாகவும் இல்லை, ஏறத்தாழ 12 சதவீதச் சரிவு. அதாவது 100 மீட்டர் போனால் 12 மீட்டர் ஏறிவிடும். மேல்முனையில் மலையும் சுவரும், கீழ்முனையில் சுமார் 600 மீட்டர் பள்ளம். கேட்டதும் பகீர் என்கிறது இல்லையா? ஆனால் அந்தச் சரிவுதான் அங்கே நம்மைக் காப்பாற்றுகிறது. அந்த உயரத்தில் காற்று மெலிந்திருக்கும், எஞ்சினுக்கும் சக்தி குறையும், இறக்கைக்கும் பிடிப்புக் குறையும், அதனால் விமானம் தரையைத் தொடும்போது வேகம் கூடுதலாக இருக்கும், சமதரையாக இருந்தால் நிற்க நீண்ட பாதை வேண்டும். இங்கே இறங்கும்போது எப்போதும் மேட்டை நோக்கியே இறங்குவார்கள், மேடு வண்டியைப் பிடித்து நிறுத்திவிடும். கிளம்பும்போது எப்போதும் பள்ளத்தை நோக்கியே ஓடுவார்கள், சரிவு வேகத்தைக் கொடுத்துவிடும். மலைச்சாலையில் லாரி ஓட்டியவர்களுக்கு இது உடனே புரியும்.

இந்த இடத்தை 1964-ல் கட்டவைத்தவர் எட்மண்ட் ஹிலாரி, டென்சிங்கோடு எவரெஸ்ட் உச்சியை முதலில் தொட்டவர். பக்கத்து ஊர்களில் பள்ளிக்கூடமும் மருத்துவமனையும் கட்டச் சாமான் கொண்டுவர ஒரு இறங்குதளம் வேண்டும் என்று தேடினார். சமமான விளைநிலத்தைத்தான் முதலில் கேட்டாராம், உழவர்கள் கொடுக்க மனமில்லாததால் இந்தச் சரிவு நிலம் கிடைத்தது. மண் இறுகவில்லை என்று அந்த மலையூர் மக்களான ஷெர்பாக்களைக் கூப்பிட்டு, குடிக்கவும் கொடுத்து, வரிசையாகக் கைகோத்து நின்று காலை ஓங்கி மிதித்து ஆடச் சொன்னார் என்று சொல்வார்கள். நெல்லுக்களத்தை மிதித்துச் சமன் பண்ணுகிற மாதிரி. 2001-ல்தான் தார் போட்டார்கள், 2008 ஜனவரியில் ஹிலாரி காலமான பிறகு டென்சிங் பெயரையும் அவர் பெயரையும் சேர்த்து வைத்தார்கள்.

ஆபத்தே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். 2008 அக்டோபரில் இறங்கப்போகும் கடைசி நேரத்தில் மூடுபனி வந்து ஒரு சிறு விமானம் ஓடுபாதைக்கு முன்னாலேயே மோதி 18 பேர் இறந்தார்கள், பைலட் ஒருவர் மட்டும் பிழைத்தார். 2019 ஏப்ரலில் கிளம்பிய விமானம் ஒன்று பாதையை விட்டு விலகி நின்றிருந்த ஹெலிகாப்டர்களில் மோதி 3 பேர் போனார்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2013 முதல் நேபாள விமான நிறுவனங்கள் எல்லாவற்றையும் தடைப்பட்டியலில் வைத்திருக்கிறது. வீட்டில் பெரியவர்கள் கேட்டால் இதை மறைக்காதீர்கள். கூடவே இன்னொன்றையும் சொல்லுங்கள்: லுக்லாவுக்கு ஓட்டுகிற பைலட்டுக்குக் குட்டை ஓடுபாதைகளில் 100 முறையாவது பறந்த அனுபவம் வேண்டும், நேபாளத்தில் அந்த மாதிரிப் பறப்பில் ஒரு வருடம் இருந்திருக்க வேண்டும், அப்புறம் லுக்லாவுக்கே பயிற்சியாளர் ஒருவரோடு 10 முறை போய்வந்திருக்க வேண்டும் என்று விதி. கண்ணால் பார்த்துத்தான் இறக்குகிறார்கள், மேகத்துக்குள் வழிகாட்டும் கருவி அங்கே இல்லை. அதனால்தான் பார்வை தெளியாவிட்டால் கிளம்பவே மாட்டார்கள். விமானம் ரத்து என்று சொன்னால் கோபப்படாதீர்கள், உங்கள் உயிரை ஒருவர் காத்துக் கொடுத்திருக்கிறார்.

எப்போது போவது? மார்ச் முதல் மே வரை, அல்லது அக்டோபர், நவம்பர். நமக்குத் திஞ்ஞான் தண்ணீர்த் திருவிழா விடுமுறையும் சித்திரைப் பிறப்பும் சேர்ந்து ஏப்ரல் நடுவில் வருவதால் பெரும்பாலோர் அந்தச் சமயத்தைத்தான் பிடிப்பார்கள். நேபாளப் புத்தாண்டும் அதே நாட்களில்தான் வருகிறது, காத்மாண்டுவில் அன்று போய் இறங்கினால் ஊர்த் திருவிழாவுக்கு வந்த மாதிரியே இருக்கும். ஆனால் ஏப்ரலில் காட்டுத்தீப் புகை மூட்டம் போட்டுவிடும், அதனாலும் விமானம் நிற்கும், அதையும் கணக்கில் வையுங்கள். அக்டோபர், நவம்பரில் வானம் துல்லியம், கூட்டமும் அதிகம். அந்த நல்ல மாதத்தில்கூட உத்தரவாதம் இல்லை. 2011 நவம்பரில் மேகம் விலகாமல் ஆயிரக்கணக்கானவர்கள் நாள்கணக்கில் லுக்லாவில் முடங்கிக் கிடந்தார்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை, வேண்டாம்.

விசா காத்மாண்டு விமான நிலையத்திலேயே வாங்கலாம், 15 நாளுக்கு 30 டாலர், 30 நாளுக்கு 50 டாலர். இருபது டாலர் மிச்சம் பிடிக்கிறேன் என்று 15 நாள் விசா வாங்காதீர்கள், நடையே 12 நாள் ஆகிவிடும். நம் பர்மாப் பணமான கியாட்டை அங்கே மாற்ற முடியாது, டாலராகவே கொண்டுபோங்கள், மடிப்பு விழாத நோட்டு. நடைவழியில் வருகிற சாகர்மாதா தேசியப் பூங்காவின் நுழைவுக் கட்டணத்தில் தெற்காசியக் கூட்டமைப்பு நாடுகளுக்குச் சலுகை உண்டு, இந்தியப் பாஸ்போர்ட் உள்ள சொந்தக்காரர்கள் கூட வந்தால் அவர்களுக்குக் குறையும். பர்மா அதில் உறுப்பு நாடு இல்லை, நமக்கு வெளிநாட்டவர் கட்டணம்தான்.

டிக்கெட் எடுக்கும்போது எங்கிருந்து கிளம்புகிறது என்று கண்டிப்பாகக் கேளுங்கள். கூட்டமான மாதங்களில் லுக்லா விமானங்களைக் காத்மாண்டுவிலிருந்து விடாமல் ராமேச்சாப் மாவட்டத்து மந்தலி என்ற இடத்திலிருந்து விடுகிறார்கள், காத்மாண்டு நெரிசலுக்காக. காத்மாண்டுவிலிருந்து மந்தலி 130 கிலோமீட்டர்தான், ஆனால் வளைந்து வளைந்து நாலு ஐந்து மணி நேரம் ஆகும், அதனால் நடுராத்திரி ஒரு மணி வாக்கில் ஜீப் வந்து நிற்கும். சொல்லப்போனால் என் பயணங்களில் வயிற்றைப் புரட்டியது அந்த ஜீப்தான். முந்தின இரவு சாப்பாட்டைக் குறைத்துக்கொள்ளுங்கள், இஞ்சி மிட்டாய் பையில் வையுங்கள், முன்சீட்டு கிடைத்தால் உட்காருங்கள். மந்தலி ஆற்றோரத்துத் தாழ்வான ஊர், வெக்கையாக இருக்கும், குளிருக்கென்று போட்ட சட்டையெல்லாம் கழற்ற வேண்டிவரும். ஆனால் விமான நேரம் இருபது நிமிடம்தான். காத்மாண்டுவிலிருந்து என்றால் அரைமணிக்குச் சற்று மேல். கைக்கடிகாரத்தையும் மறக்காமல் மாற்றிக்கொள்ளுங்கள், நேபாளம் நம்மைவிட 45 நிமிடம் பின்னால்.

எப்படியாவது அன்றைய முதல் விமானம், அல்லது இரண்டாவது, அதைக் கேட்டு வாங்குங்கள். வெயில் ஏற ஏற பள்ளத்தாக்கிலிருந்து காற்று மேல்நோக்கி அடிக்கும், அது இறங்குகிற விமானத்தைப் பின்னாலிருந்து தள்ளும், மேகமும் திரளும். அதனால் பெரும்பாலும் காலையோடு கடை கட்டிவிடுவார்கள். முதல் விமானம் தாமதமானால் மற்றதெல்லாம் அதன் பின்னால் சரியும், அதனால் மூன்றாவது நான்காவது எண்ணில் இருப்பவர்களுக்கு அன்று போக முடியாமல் போகலாம்.

எடை விஷயத்தில் ஏமாற்றப் பார்க்காதீர்கள். பெட்டி 10 கிலோ, கையில் 5 கிலோ, மொத்தம் 15. என் தம்பி அவன் அம்மா கொடுத்தனுப்பிய பலாச்சாங் (பொரித்த இறால் கருவாட்டுத் தூள்) பாட்டிலும் லப்பெ (ஊறவைத்த தேயிலை) பொட்டலமும் சேர்த்து 18 கிலோ வைத்திருந்தான், தராசு முள் 18-ல் நின்று நடுங்கியது, கனமான பூட்ஸைக் காலில் மாட்டிக்கொண்டு, குளிர்ச்சட்டையை உடம்பில் போட்டுக்கொண்டு, ஒரு மாதிரி சரிசெய்தோம். சில சமயம் நம்மையும் தராசில் ஏற்றி நிறுத்துவார்கள், கூச்சப்படாதீர்கள். இது காசு பிடுங்குகிற வேலை இல்லை, அந்தச் சின்ன விமானத்துக்கு ஒவ்வொரு கிலோவும் கணக்கு. கூடுதல் எடைக்குப் பணம் கட்டலாம், ஆனால் அந்தப் பை உங்களோடு அதே விமானத்தில் வரும் என்று சொல்ல முடியாது. அதனால் மருந்து, பாஸ்போர்ட், பணம், ஒரு செட் கம்பளி உடுப்பு, பவர் பேங்க் எல்லாம் கைப்பையில். லைட்டர், அடுப்பு கேஸ் ரெண்டும் வேண்டாம். பலாச்சாங் கொண்டுபோங்கள், மேலே உருளைக்கிழங்கும் பருப்புச் சோறும் பத்து நாள் தின்ற வாய்க்கு அது அமிர்தம், ஆனால் கண்ணாடிப் பாட்டிலில் வேண்டாம், பிளாஸ்டிக் டப்பாவில் இறுக்கிக் கட்டுங்கள்.

விமானம் ட்வின் ஆட்டர், டோர்னியர், லெட் 410 இந்த மூன்றில் ஒன்றாக இருக்கும். பதினைந்து பதினெட்டுப் பேருக்கு மேல் கொள்ளாது. சீட்டு எண் கிடையாது, ஏறுகிறவர் உட்கார்ந்துகொள்ள வேண்டியதுதான், அதனால் விமானத்துக்குக் கொண்டுபோகிற பஸ்ஸில் கதவோரம் நில்லுங்கள். பனிமலை பார்க்க வேண்டுமென்றால் போகும்போது இடப்பக்கம், வரும்போது வலப்பக்கம். பயம் அதிகமுள்ளவர்கள் முன்சீட்டுக்கு ஆசைப்படாதீர்கள், பைலட் அறைக்குக் கதவு இல்லாத விமானம் உண்டு, முன்கண்ணாடி வழியாக எல்லாம் தெரியும். எனக்கோ அங்கே உட்கார்ந்ததுதான் நிம்மதியாக இருந்தது, இரண்டு பைலட்டுகளும் வீட்டு அடுப்படியில் வேலை செய்கிறவர்கள் மாதிரி அலட்டாமல் ஒவ்வொரு சுவிட்சாகத் தொட்டுக்கொண்டிருந்தார்கள். உங்கள் சுபாவம் எது என்று உங்களுக்குத்தானே தெரியும்.

ஏறியதும் பணிப்பெண் ஒரு தட்டில் பஞ்சும் மிட்டாயும் கொண்டுவருவார். பஞ்சு காதுக்கு, சத்தம் அப்படி. மிட்டாயை வாயில் போட்டுக்கொள்ளுங்கள், எச்சில் விழுங்க விழுங்கக் காது அடைக்காது. அப்புறம் விமானம் மலைகளுக்கு மேலே பறக்காமல் மலைகளுக்கு நடுவிலேயே போகும். ஒரு முகடு வரும், மரம் தெரியும், வீட்டுக்கூரையில் காயப்போட்ட சோளம் தெரியும், இதோ உரசப்போகிறது என்று தோன்றும்போது முகடு கீழே விழுந்து மறுபக்கம் பெரிய பள்ளம் திறக்கும். அந்த இடத்தில் ஒரு குலுக்கல் கட்டாயம் உண்டு. முகட்டில் மோதி எழும்புகிற காற்று அது, படகு அலையில் ஏறி இறங்குகிற மாதிரிதான். நம் ஆட்கள் ஐராவதியில் லாஞ்சில் போயிருப்பீர்களே, குறுக்கே இன்னொரு லாஞ்சு போன அலையில் ஆடுமே, அதை நினைத்துக்கொள்ளுங்கள். சீட்டுக் கைப்பிடியை இறுக்கிப் பிடித்தால் தோள் வரை விறைக்கும், கையை மடியில் திறந்து வைத்து மூச்சை மெதுவாக வெளியே விடுங்கள், உள்ளிழுப்பதைவிட வெளிவிடுவது நீளமாக இருக்கட்டும். எங்களோடு வந்த ஒரு அம்மா காளியம்மன் கோயில் திருநீற்றுப் பொட்டலத்தை உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டு, கண்ணையும் மூடிக்கொண்டு, வழி முழுக்க முணுமுணுத்துக்கொண்டே வந்தார். இறங்கியபோது எங்கள் எல்லோரையும்விட அவர் முகம்தான் தெளிவாக இருந்தது. உங்களுக்கு எது பிடிமானமோ அதைக் கொண்டுபோங்கள்.

இறங்குகிற கடைசி ஒரு நிமிடம் எப்படி இருக்கும் என்று சொல்லிவிடுகிறேன், தெரியாமல் போனால்தான் பதறும். எதிரே மலைச்சுவரில் சாய்த்து வைத்த பலகை போல ஒரு சின்னச் சாம்பல் கோடு தெரியும், அதுதான் ஓடுபாதை. விமானம் நேராக அந்த மலையை நோக்கிப் போகும். கொஞ்சம் நெருங்கிய பிறகு மறுபடி மேலே எழும்பிச் சுற்றிவர இடமில்லை, அதனால் அந்த இடத்துக்கு முன்னாலேயே பைலட் முடிவெடுத்துவிடுவார். சக்கரம் தொடும்போது டொம்மென்று ஒரு அடி, உடனே எஞ்சின் உறுமும், உடம்பு முன்னால் சாயும், வேகம் மேட்டில் கரைந்துவிடும். அப்புறம் எஞ்சினை இன்னும் முடுக்குவார்கள், இதில்தான் நிறையப் பேர் பயந்துவிடுகிறார்கள், சுவர் முன்னால் நிற்கும்போது ஏன் முடுக்குகிறார் என்று. மேட்டில் கடைசித் தூரம் ஏறுவதற்குத்தான் அது. ஏறியதும் வலப்பக்கம் சட்டென்று திரும்பி நின்றுவிடும். எல்லோரும் கை தட்டுவார்கள், நீங்களும் தட்டுங்கள்.

வெளியே இறங்கியதும் அங்கேயே நின்று படம் எடுக்காதீர்கள், அடுத்த விமானம் வந்துகொண்டிருக்கும், நான்கு விமானம் நிற்கத்தான் அங்கே இடம். பையை வாங்கிக்கொண்டு ஒரு டீக்கடையில் உட்காருங்கள், முட்டியில் நடுக்கம் இருந்தால் அரைமணியில் போய்விடும். ஆனால் தலைவலி, வயிற்றுப் பிரட்டல் இருந்தால் அது பயத்தால் வந்தது என்று தள்ளிவிடாதீர்கள், ஒரே தாவலில் 2,850 மீட்டருக்கு வந்திருக்கிறீர்கள். முதல் நாள் நடை பாக்டிங் வரை, 2,610 மீட்டர், அதாவது இறக்கம்தான், அது உடம்புக்கு நல்லது. அங்கே தூங்கிவிட்டு மறுநாள்தான் நாம்சே பஜார் ஏற்றம்.

காப்பீடு எடுக்கும்போது ஹெலிகாப்டரில் தூக்கிவருவதும், 6,000 மீட்டர் உயரம் வரை நடப்பதும் சேர்ந்திருக்கிறதா என்று ஒவ்வொரு வரியாகப் படியுங்கள். அடிவார முகாமே 5,364 மீட்டர்.

விமானமே வேண்டாம் என்று மனது முடிவெடுத்துவிட்டால் அதில் குறைச்சல் ஒன்றுமில்லை. காத்மாண்டுவிலிருந்து ஜீப்பில் ஒரு நாள் போனால் சல்லேரி, அங்கிருந்து இரண்டு மூன்று நாள் நடந்தால் லுக்லா பாதையில் சேர்ந்துவிடலாம், இப்போது ஜீப் இன்னும் மேலே கூடப் போகிறது. நாட்கள் இருக்கிறவர்களுக்கு நான் இதைத்தான் முதலில் சொல்வேன், உடம்பும் உயரத்துக்கு மெதுவாகப் பழகும். ஹெலிகாப்டரும் உண்டு, பல மடங்கு விலை, அதுவும் மேகத்தில் பறக்காது.

திரும்பும்போது முந்தின நாள் மதியமே லுக்லா வந்துவிடுங்கள். தங்கும் விடுதிக்காரரிடம் டிக்கெட்டைக் கொடுத்தால் விமான அலுவலகத்தில் சொல்லிப் பெயரை உறுதி செய்து வைப்பார், இதை நீங்களே நினைவுபடுத்த வேண்டும். காலையில் பையைக் கட்டிக்கொண்டு காத்திருங்கள், விமானம் வருகிறது என்று சங்கு ஊதும், ஊரே நிமிர்ந்து பார்க்கும். ஏறி உட்கார்ந்ததும் பைலட் பிரேக்கைப் பிடித்துக்கொண்டே எஞ்சினை முழுசாக முடுக்குவார், விமானம் முழுக்க அதிரும், பிறகு விட்டதும் சரிவில் உருண்டு ஓடும், எதிரே பாதை முடிந்து வெறும் காற்று தெரியும். பத்துப் பன்னிரண்டு எண்ணுவதற்குள் சக்கரச் சத்தம் நின்றுபோகும். அப்போது வலப்பக்க ஜன்னலைப் பாருங்கள்.